தாகத்தின் உப்புக் கணக்கு

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். ஏப்ரல் வெயில் தொடங்கினால் இந்தக் கேள்வியும் தொடங்கிவிடும்: "தம்பி, ஜீவனியை அரைக் கிளாஸ் தண்ணியில கரைச்சுக் குடிச்சா கெதியா சுகம் வருமா?"

வராது அன்ரி. ஜீவனி என்பது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள். பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு, பெரும்பாலும் ஒரு லீற்றர், அப்படியே வேண்டும். குறைத்தால் கரைசல் தடித்து, உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். வயிற்றோட்டம் கூடத்தான் செய்யும்.

உடம்பு தண்ணீரை மட்டும் தனியாக அளப்பதில்லை, உப்போடு சேர்த்துத்தான் அளக்கிறது. இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு சதவீதம் ஏறினாலே மூளையின் ஹைப்போதலமஸுக்குத் தெரிந்துவிடும். தாகம் எடுக்கும். வாசோப்ரெசின் என்ற ஹோர்மோன் சுரக்க, சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் வடிகட்டி, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் வெளியே விடுகிற ஆள் அது. புறக்கோட்டையில் மத்தியான வெயிலில் மூட்டை இறக்கும் நாட்டாமைகளுக்குச் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது இதனால்தான்.

கொழும்பில் இன்னொரு கரைச்சலும் உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே கடற்காற்றின் ஈரத்தில் அது காயாமல் சட்டையிலேயே ஊறிக்கிடக்கும். சூடு இறங்கவில்லையே என்று உடம்பு மேலும் வியர்க்கும், உப்பும் கூடவே போகும். அந்த நேரம் வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலையிடி, குமட்டல் என்று வரும். 'ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ்' என்ற கதையில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஏசி அறையில் இருப்பவருக்கும் நாட்டாமைக்கும் எப்படி ஒரே அளவு வரும்?

தம்பிலி (செவ்விளநீர்) நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஜீவனிக்குப் பதிலாகாது. சிறுநீரக நோயாளிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எனக்குப் பயம் வயதானவர்களை நினைத்துத்தான். அந்த வயதில் தாகமே சரியாகத் தெரியாது, சிறுநீரகமும் முன்போல் தண்ணீரைப் பிடிக்காது. போதாததற்குப் பிரஷருக்குச் சலம் போகிற குளிசை வேறு. குடியுங்கள் என்றால், "இரவில எழும்ப வேணுமே தம்பி, பாத்ரூமில வழுக்கி விழுந்தா ஆர் பாக்கிறது?" என்பார்கள். நியாயமான பயம். வைத்தியர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்கள் என்றால், பின்னேரம் ஆறு மணிக்குள் பெரும்பங்கைக் குடித்துவிடச் சொல்வேன். சிலர் கேட்பார்கள். சிலர் பிளேன்டீயோடு சரி. பரவாயில்லை, அதுவும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.