கடைசி பஸ் போன பிறகு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் நகரில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் கிளையில், கணக்குப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, மாலையில் எழுந்து போவதற்கு என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. நோர்வூட்டுக்கு அப்பால் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஆறேகாலுக்குப் போய்விடும். அதைத் தவறவிட்டால் அன்றைய சம்பளத்தில் பெரும்பகுதியை முச்சக்கரவண்டிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது முகாமையாளருக்கும் தெரிந்திருந்ததால், ஆறு மணிக்கு நான் பையைத் தூக்கும்போது யாரும் எதுவும் சொன்னதில்லை. எனக்கு வேலை நேரத்தைக் கறாராக வைத்துக்கொள்ளத் தெரியும் என்று அந்த மாதங்களில் நான் நம்பியிருந்தேன்; உண்மையில் அந்த நேரத்தை வைத்துக்கொடுத்தவர் பஸ் சாரதி.

மழைக்காலம் தொடங்கியதும் டவுனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். "தம்பி இப்ப இங்கதானே இருக்கீங்க" என்று முகாமையாளர் சிரித்துக்கொண்டு சொன்ன அன்றிலிருந்து ஆறு மணி ஏழானது, ஏழு எட்டரையானது. அறைக்குப் போய்ச் சோறு வைத்த பிறகும் அலுவலக வட்ஸ்அப் குழுவில் என் பெயரைச் சொல்லிக் கேள்விகள் வந்துகொண்டிருந்தன.

இதில் முகாமையாளரின் கெட்ட எண்ணம் என்று எதுவுமில்லை; வேலை அடுக்கப்பட்டிருந்த விதம் அப்படி. லீசிங் தவணை வசூலிக்கப் போகிறவர்கள் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமெல்லாம் சுற்றி, பனிமூட்டத்தில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர ஐந்தரை, ஆறு ஆகிவிடும். அவர்களுடைய பற்றுச்சீட்டுகளும் பணமும் ஒத்துப்போன பிறகே அன்றைய கணக்கை மூட முடியும். கொண்டுவருகிறவர்கள் ஆறு பேர், மூடுகிறவன் நான் ஒருவன்.

ஆனால் அதைவிடப் பெரிய தடை எனக்குள்ளேயே இருந்தது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மழையில் நனையாத, அட்டை கடிக்காத வேலை என்று அதை ஊரே பேசியது. அப்படிக் கிடைத்த வேலையில் நேரம் பார்ப்பது நன்றிகெட்டதனம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டார்: "ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருக்கியே, அதுக்கு வேற கணக்குப் போடுறாங்களா?" இல்லை என்றேன். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டில் தொடங்கும் அவருடைய நாள், மாலையில் கொழுந்து நிறுவையோடு முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் கொழுந்து எடுக்கக் கூப்பிட்டால் அது கைக்காசு, கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்கணக்கு. தோட்டத்தில் நியாயம் நிறைந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோ கழிப்பதையும், நிறை குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதையும் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனாலும் சும்மா பறித்துக்கொடுப்பது என்ற வழக்கம் அங்கே யாருக்கும் தெரியாது. படித்த நான்தான் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்களைச் சும்மா பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகே நியமனக் கடிதத்தை ஒழுங்காக வாசித்தேன். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, இடையில் ஒரு மணித்தியால உணவு இடைவேளை. சனிக்கிழமை ஒன்றரை வரை. இந்த ஏற்பாட்டின் பின்னால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. உணவு இடைவேளை நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் கணக்கு. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதற்கு மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதாவது 57க்கு மேல் போகவே கூடாது. நான் இரண்டு வாரங்களுக்கு வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துப் பார்த்ததில், ஒரு வாரம் 58, மறுவாரம் 60 வந்தது. சம்பளச் சீட்டில் மேலதிக நேரம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

முகாமையாளரின் அறைக்குச் சட்டத்தைக் கையில் ஏந்திப் போகவில்லை, கொப்பியோடு போனேன். "சேர், எந்த நாளில் எதனால் தாமதமாகிறது என்று எழுதியிருக்கிறேன், ஒருக்கா பாருங்கள்" என்றேன். முதலில் அவர், உங்கள் பதவியின் பெயரிலேயே 'எக்ஸிகியூட்டிவ்' இருக்கிறது, அந்தத் தரத்துக்கு ஓ.டி., அதாவது மேலதிக நேரக் கொடுப்பனவு, இல்லை என்றார். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை, நான் கையெழுத்திட்டால் ஒரு பெட்டி பேனாகூட வராது என்பதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டியபோது பத்து நாட்களில் எட்டு நாள் தாமதத்துக்கு ஒரே காரணம் இருப்பதை அவரே கண்டார். நாலரைக்குப் பின் வரும் வசூலைப் பணமாக மட்டும் எண்ணிப் பூட்டிவிட்டு, பதிவை மறுநாள் காலையில் செய்யலாமா என்று கேட்டேன். தலைமையகத்தைக் கேட்க வேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது.

இரவுச் செய்திகளுக்கு அனுமதி கேட்கவில்லை. ஏழு மணிக்குப் பின் வருகிறவற்றுக்குக் காலை எட்டேகாலுக்கு, மன்னிப்புக் கேட்காமல், முழுமையாகப் பதில் எழுதத் தொடங்கினேன். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் மூத்த சக ஊழியர் ஒருவர் சில நாட்கள் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை, அது வலித்தது.

நிதியாண்டு முடியும் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் மறுபேச்சின்றி இரவு பத்து வரை இருந்தேன். இருக்கும் முன்பே, இந்த நேரத்துக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டு, ஆம் என்ற பதிலையும் வாங்கிவைத்தேன். ஏப்ரல் சம்பளச் சீட்டில் அந்த இடத்தில் முதன்முறையாக ஒரு தொகை இருந்தது. என் கொப்பிக் கணக்கைவிட நான்கு மணித்தியாலம் குறைவு. அதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.