மார்பெலும்பில் சீழ்: ஒரு பிளாஸ்டிக் சர்ஜனின் நாட்குறிப்பு

ஜூன் 3

பைபாஸ் செய்துகொண்டு வீடு திரும்பியிருந்த, நீரிழிவு உள்ள ஒருவர், தையலின் கீழ்முனையில் நீர் கசிகிறது என்று வந்தார். தோல் அவ்வளவு மோசமில்லை. ஆனால், "இருமினால் நெஞ்சுக்குள்ளே 'கடக்'குனு கேக்குது, டாக்டர்" என்றார். உள்ளங்கையை வைத்து இருமச் சொன்னபோது, பைபாஸுக்காக அறுத்துப் பிளந்த மார்பெலும்பின் இரு பாதிகளும் உரசி நகர்வது கைக்குத் தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் எலும்புக்குப் பின்னால் திரவமும் காற்றுக் குமிழ்களும் இருந்தன. முதல் இரு வாரங்களில் இவை இயல்பாகவும் தென்படலாம், இவருக்கோ நான்காவது வாரம்.

ஜூன் 4

திறந்தோம். அந்தப் பாதிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பிகள் எலும்பை அறுத்துக்கொண்டு தளர்ந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) மேற்பரப்புச் சீழை விட்டு ஆழத்துத் திசுவை அனுப்பினேன். பிறகு, ரத்தம் கசியும் இடம் வரும்வரை எலும்பைச் சுரண்டினோம். வலப்பாதி விரைவில் சிவந்தது. இடப்பாதி வெளிறியே இருந்தது. பைபாஸுக்காக எடுக்கப்பட்ட, மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் இடது மேமரி தமனிதான் அந்தப் பாதிக்கு முக்கிய ரத்த வழி. ரத்தம் போகாத எலும்புக்குள் ஆன்டிபயாடிக்கும் போகாது என்பதால், அதை மிச்சம் வைப்பதில் பயனில்லை.

ஜூன் 7

கல்ச்சரில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் வகை. அதுவரை கொடுத்த வான்கோமைசின் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி, செஃபசோலின் என்ற வேறொன்றைத் தொடங்கினோம். இவ்வகைக்கு அதுவே மேல். வேக்யூம் டிரெஸ்ஸிங் மாற்றினோம். அதில் 125 மி.மீ. பாதரச எதிர்மறை அழுத்தத்தில் கசிவை உறிஞ்சும் நுரைப்பஞ்சு இதயத்தை நேரே தொடக்கூடாது. வலது கீழறை மார்பெலும்பை ஒட்டியே இருக்கிறது. கூரான எலும்பு விளிம்பு அதைக் கிழித்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவே இடையே பாதுகாப்புப் படலத்தை விளிம்புகளுக்கு அடியிலும் நுழைத்து வைக்கிறோம்.

ஜூன் 13

புண் சுத்தமாகிவிட்டது. மீண்டும் கம்பி கட்டலாமே என்றார் இதய சர்ஜன். கட்டுவதற்கு இடப்பக்கம் எலும்பு போதாது. வயிற்றின் இடது நேர்தசையை மேலே திருப்பலாம் என்றால், அதற்கு மேலிருந்து ரத்தம் தருவதும் அதே மேமரி தமனியின் தொடர்ச்சிதான். மார்புத் தசைகளுக்கோ தோள்பக்கத்திலிருந்து தனித் தமனி உண்டு. ஆனால் அவை கீழ் மூன்றிலொரு பங்குக்கு எட்டுவது கடினம். மேற்பகுதியை மார்புத் தசைகளால் மூடி, கீழ்க் குழிக்கு வயிற்றுக் கொழுப்புப் படலத்தைக் கொண்டுவருவதென முடிவு செய்தோம்.

ஜூன் 15

அப்படியே செய்தோம். இருபுற மார்புத் தசைகளும் இழுவையின்றி நடுவில் சேர்ந்தன.

ஜூன் 24

வடிகுழாய்களில் நாளுக்கு 30 மி.லி.க்கும் குறைவு, எடுத்துவிட்டோம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்குகிறது. ஊசிமருந்து ஆறு வாரம் நிறையும்வரை தொடரும். சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் பார்க்க வேண்டும். மார்புத் தசைகளை இழுக்கும் என்று சொல்லியும், கையூன்றி எழுந்திருப்பதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை.