சீவாளிக்குத் தெரிந்த சோம்பல்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கும் ஒரு சிவன் கோயிலில் 18 ஆண்டுகளாக நாகஸ்வரம் வாசித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உபயதாரர் ஒருவர் மின்சார மேளம் வாங்கிக் கொடுத்தார். நகரா, மணி, சேகண்டி மூன்றையும் ஓர் இரும்புச் சட்டத்தில் மோட்டாரோடு பூட்டிய பொறி அது. விசையைத் தட்டிவிட்டால் தீபாராதனை முடியும்வரை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, என்னோடு தவில் வாசிப்பவர், "இனிமே நாம எதுக்குண்ணே?" என்று கேட்டார். நானும் அவருக்குச் சமமாகக் கோபப்பட்டுப் பேசினேன். உள்ளுக்குள் எனக்கு இருந்தது நிம்மதி. அந்த இரைச்சலுக்கு நடுவே நான் என்ன வாசித்தாலும் ஒருவர் காதிலும் விழப்போவதில்லை. வாத்தியக்காரன் ஒருவனுக்கு இப்படியொரு நிம்மதி வரலாமா என்று அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் சாதகத்தை நான் விட்டு அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாள்தோறும் வாசிக்கிறவன் சாதகம் விட்டுப்போயிற்று என்று சொன்னால் மற்றவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். விடியலில் பூபாளமோ பௌளியோ, சாயரட்சையில் கல்யாணியோ பூர்விகல்யாணியோ, அர்த்தஜாமத்தில் பள்ளியறைக்கு நீலாம்பரி என்று என் உதட்டில் வாத்தியம் படாத நாள் ஆண்டில் பத்துக்கூட இராது. அதற்கு மேல் வைகாசி, ஆவணி, தை மாதங்களில் கல்யாணங்கள். ஆனால் வேலைக்கு வாசிக்கும்போது நமக்கு வருவதைத்தான் வாசிக்கிறோம். வராததன் முன்னால் உட்கார்ந்து அது வரும்வரை எழுந்திருக்காமல் இருப்பதற்குக் கோயில் மண்டபத்திலோ மணமேடையிலோ இடம் கிடையாது. முகூர்த்த நேரத்தில் ராகத்தின் ஒரு பிடி தவறினால் திரும்ப வாசித்துப் பார்க்க முடியாது, கெட்டி மேளத்துக்குள் அதை மறைத்துவிட்டு மேலே போக வேண்டியதுதான். இப்படி மறைப்பதில் ஆண்டுக்கு ஆண்டு எனக்குத் தேர்ச்சி கூடியது. அதை அனுபவம் என்று நானும் சொல்லிக்கொண்டேன், மற்றவர்களும் சொன்னார்கள்.

என் வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகாலை நான்கு மணிக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு தகரக் குவளையில் புளியங்கொட்டைகளைப் போட்டு வைப்பார். பிசகாமல் ஒரு சுற்று முடித்தால் ஒரு கொட்டையை வெளியே எடுக்கலாம், பிசகினால் வெளியே இருக்கிற அத்தனையும் குவளைக்குள் திரும்பிவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் அந்தக் குவளையை வைத்துக்கொண்டு நானே அப்படிச் செய்துவந்தேன். அவர் காலமான பிறகும் இரண்டு ஆண்டுகள் செய்தேன். எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முந்தின இரவு கல்யாண ஊர்வலம் என்று ஒரு நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்று ஒரு மாதம் போயிற்று. இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒருநாள் பார்த்தபோது அந்தக் குவளையில் என் மனைவி வெந்தயம் போட்டு வைத்திருந்தாள். கேட்கத் தோன்றவில்லை.

சாதகம் விட்டதை முதலில் காட்டிக்கொடுத்தது விரல் அல்ல, நாகஸ்வரத்தின் நுனியில் மாட்டி வாயில் வைத்து ஊதும் சீவாளிதான். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையில் செய்து வரும் சீவாளியை இந்தக் கடற்கரையில் வைத்துக் காப்பாற்றுவது தனி வேலை. வாடை அடிக்கும் மாதங்களில் ஈரம் ஏறி வாய் விரிந்துவிடும், ஆடியில் வீசும் கச்சான் காற்றில் காய்ந்து ஓரம் பிளக்கும். அதனால்தான் வாத்தியத்தில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் நாலைந்து சீவாளிகளில் அன்றைக்கு எது இசையும் என்று பார்த்து எடுப்போம். புதுச் சீவாளி விறைப்பாக இருக்கும். அதில் நாதம் கிளம்ப அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும், உதடும் பிடி தளராமல் நிற்க வேண்டும். பழகித் தளர்ந்த சீவாளி ஊதினால் உடனே பேசிவிடும், ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகப் போகச் சுருதி இறங்கும். அந்தச் சீவாளிக் கோவையில் இருந்த மிகத் தளர்ந்த ஒன்றை நான் ஆண்டு முழுவதும் எடுக்கத் தொடங்கினேன். இன்றைக்குக் காற்று சரியில்லை என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். வாடைக்கும் கச்சானுக்கும் ஒரே சீவாளி எப்படிப் பொருந்தும் என்று என்னைக் கேட்க யாரும் இல்லை.

மேல் ஸ்தாயியின் ‘ச’வாகிய மேல் ஷட்ஜம் நிற்கவில்லை என்பது தெரிந்தபோதும் என்னைச் சந்தேகிக்காமல் வாத்தியத்தைச் சந்தேகித்தேன். நாகஸ்வரத்தில் விரலுக்கு ஏழு துளைகள் போகக் கீழே ஐந்து துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் நாதத்தைச் சரிசெய்வார்கள். ஒரு மாதம் முழுக்க அந்த மெழுகோடு மல்லுக்கட்டினேன். பிறகு பேருந்து ஏறி நரசிங்கம்பேட்டைக்கே போனேன். ஆச்சா மரத்தில் கடையும் அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நான் போனது அதற்கு முன். பட்டறையில் இருந்த பெரியவர் என் வாத்தியத்தை வாங்கி, அடியில் விரிந்திருக்கும் அணசைத் திருப்பிப் பார்த்து, தன் சீவாளி ஒன்றை மாட்டி மேல் ஷட்ஜத்தைப் பிடித்தார். அது ஆணி அடித்தது போல் நின்றது. "குழல்ல குத்தமில்லைங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். கூலி வாங்க மறுத்தது அதைவிடக் கூச்சமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பேருந்துச் செலவை எண்ணி வருத்தப்படுவதாக நடித்துக்கொண்டு வந்தேன்.

இதற்குப் பிறகாவது மாறியிருக்க வேண்டும். இல்லை. தவறு எங்கே என்று தெரிவதால் மட்டும் ஊக்கம் வந்துவிடுவதில்லை, அதன்பின் வாத்தியத்தை எடுக்கவே கூச்சமாக இருந்தது. கேட்கிறவர் யார் இருக்கிறார்கள் என்பது இன்னொரு சமாதானம். எங்கள் ராமநாதபுரம் என்றால் கருவேலம், கருவாடு, தண்ணீர்ப் பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பாடகர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் பேருக்கு முன்னாலும் மிருதங்கம் முருகபூபதி பேருக்கு முன்னாலும் நிற்பது இந்த ஊர்ப்பெயர்தான் என்று மேடை கிடைக்கும்போதெல்லாம் பெருமை பேசுகிறவன் நான். அதே நான்தான் இந்த மீனவர் ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன்.

அது தவறு என்று தெரிந்தது ஒன்பதாம் திருவிழா இரவில். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்துவிட்டு, வடக்கு வீதி மூலையில் நின்று ஒரு ராகத்தை விரிவாக வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். அன்று தோடியை எடுத்தேன். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை ஒலிநாடாவில் கேட்டு வளர்ந்த எவனுக்கும் அதை எடுக்கும்போது கொஞ்சம் பயம் இருக்கும். எனக்கு இருந்த பயம் அந்த வகையானது அல்ல. தோடியின் காந்தார ஸ்வரத்தை மூச்சாலும் விரலாலும் ஒருசேர அசைக்க வேண்டும், மூச்சு முந்தினாலோ விரல் பிந்தினாலோ அது தோடியாக இராது. இரண்டு முறை அதன் மேல் நிற்கப் பார்த்தேன். உதடு நடுங்கியது. மேல் ஸ்தாயிப் பக்கமே போகாமல், தவிலுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டேன். ஆண்டுதோறும் அந்த மூலையில் மின்கம்பத்தில் சாய்ந்து நிற்கும் வலைக்காரப் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் என் பக்கத்தில் வந்து, "என்ன தம்பி, சாமி இன்னும் மூலைக்கே வரலயே, அதுக்குள்ள முடிச்சுட்டீங்க?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். வாகனம் இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

புரட்டாசியில் கல்யாணம் இல்லை. அந்த மாதம் சீவாளிக் கோவையிலேயே மிக விறைப்பானதை எடுத்து, வீட்டில் வாசிக்க வெட்கப்பட்டு, விடியற்காலை கரைக்குப் போனேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது. சரளி வரிசை முதல் காலமே இழுத்துக்கொண்டு போயிற்று. கடலுக்குப் புறப்பட்ட இரண்டு வள்ளக்காரர்கள் நின்று பார்த்துவிட்டு, புதிதாகக் கற்றுக்கொள்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லாமல் போனார்கள். தவில்காரரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் என்றைக்கும் சாதகத்தை விட்டவர் அல்ல, வீட்டுத் திண்ணையில் மரக்கட்டையில் அடித்துக்கொண்டே இருப்பார், அதனாலேயே அவரிடம் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. "எனக்குத் தெரியும்ணே" என்றார். "மேல போகாம நீங்க திரும்புற எடத்துல எல்லாம் நான்தானே தவில்ல ஒரு தீர்மானத்தை அடிச்சு முடிச்சு மூடிக்கிட்டு இருந்தேன்."

அதன் பிறகு விட்டு விட்டு, சில மாதம் நன்றாகவும் சில மாதம் பேருக்கும் நடந்துவருகிறது. குவளையை மனைவி கழுவிக் கொடுத்துவிட்டாள், ஆனாலும் வெந்தய வாசனை போகவில்லை. மேல் ஷட்ஜம் நிற்கிறது. தோடியில் காந்தாரம் ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் வருவதில்லை. பொறி இப்போதும் தீபாராதனைக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தளர்ந்த சீவாளியை நான் எறியவில்லை, கோவையில் மூன்றாவதாகத் தொங்குகிறது. கல்யாண வீட்டில் மூன்றாவது மணி நேரத்தில், பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்போது, கை தானாக அதைத் தேடிப் போகிறது. சில நாட்கள் எடுத்தும் விடுகிறேன்.