முட்டையில் பூசிய கியூட்டெக்ஸ்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சில மாதங்களாக எப்போதும் இரண்டு மூன்று முட்டைகள் சிவப்புக் கோடுகளோடு கிடக்கும். கீழ்வீட்டு அன்ரி ஒருநாள் சீனி வாங்க மேலே வந்து, அவற்றைக் கண்டு, வாசலிலேயே நின்றுவிட்டார். "உதென்ன, ஆரும் செய்வினை வைச்சிட்டினமோ?" என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இல்லை அக்கா, பிள்ளை பல்லு மினுக்கப் பழகுது" என்றிருக்கிறார். அன்ரிக்கு அது இன்னும் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். முட்டையோட்டில் கியூட்டெக்ஸை மெல்லிய கோடாகப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு பல்லில் படிந்ததைச் சுரண்டும் கம்பியான ஸ்கேலரால், ஓடு உடையாமல், கோட்டை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். வீட்டில் பழகிக்கொள்ளச் சொல்லி எங்களுக்குப் படிப்பிக்கும் மிஸ் தந்த பழைய ஸ்கேலர் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதல் கிழமை ஒன்பது முட்டை போனது. இப்போது முட்டை விற்கிற விலைக்கு இது சின்ன விஷயம் இல்லை. உடைந்ததெல்லாம் இரவில் ஒம்லெட் ஆகும். ஓட்டில் மிச்சமிருந்த கியூட்டெக்ஸ் வாசனைக்குத் தம்பி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நான் படிப்பது பல் சுகாதாரம். "பல் டொக்டருக்கோ?" என்று கேட்பவர்களிடம் இல்லை என்றால் அவர்கள் முகம் கொஞ்சம் வாடும். பல் பிடுங்குவதும் அடைப்பதும் என் வேலை இல்லை. முரசின் நிலையைப் பார்த்து அளப்பது, பல்லில் கல்லாக இறுகிய காரையை எடுப்பது, வீட்டில் எப்படிப் பல் தீட்ட வேண்டும் என்று பழக்குவது, வாய்க்குள் சந்தேகமாக ஏதும் கண்டால் டொக்டரிடம் காட்டுவது, இவைதான் வேலை. (முரசு என்றால் இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஈறு. கொட்டும் முரசு அல்ல.) அம்மாவின் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சூத்தைப் பல் பார்த்த 'பல் மிஸ்' நினைவு இருக்கும். அவர்கள் மகரகமவில் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள். அது நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையின் வழி வந்தது. எங்களுடைய கிளை அமெரிக்காவில் முளைத்தது. 1906இல் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் அல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், தன்னிடம் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யப் பழக்கினார். முதல் வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முட்டைகள் உடையத் தொடங்கிய பிறகுதான், அந்தப் பெண் எதில் பழகியிருப்பார் என்று யோசித்தேன்.

ஆரம்பத்தில் எங்களுக்கு உயிருள்ள வாய் தரமாட்டார்கள். கதிரையின் தலைமாட்டில் கம்பியில் பூட்டிய ஒரு தலை, றப்பர் கன்னம், பிளாஸ்டிக் முரசு, திருகாணியில் நிற்கும் முப்பத்திரண்டு பற்கள். அது நோகுது என்று சொல்லாது. எச்சில் ஊறாது, நாக்கைக் கொண்டுவந்து இடைஞ்சல் செய்யாது. அதில் நன்றாகச் செய்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடுவோம்.

பிடியில்தான் எனக்குச் சனி. பேனை பிடிப்பது போலத்தான், ஆனால் முழுக்க அப்படி இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிரே பிடிக்க வேண்டும், நடுவிரலின் சதை கம்பியின் கழுத்தில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மோதிர விரல் பக்கத்துப் பல்லில் ஊன்றி நிற்க வேண்டும். அந்த மோதிர விரல்தான் தூண். நோயாளி திடீரென்று தலையை ஆட்டினாலும் கையும் சேர்ந்து ஆடும், கூர் முனை கன்னத்தில் போய்க் குத்தாது. சுரண்டும்போது விரல்களை அசைக்கக் கூடாது. ஊன்றிய விரலை அச்சாக வைத்து, கதவுக் குமிழைத் திருப்புவது மாதிரி, மணிக்கட்டோடு சேர்த்துக் கையைத் திருப்ப வேண்டும். சொல்லும்போது லேசு. எனக்கோ இரண்டாவது நிமிடமே நகம் வெளுத்துவிடும்.

மிஸ் பின்னால் சத்தமில்லாமல் நடந்து வருவார். வந்து, கையில் இருப்பதைச் சட்டென்று உருவிப் பார்ப்பார். இலேசாக உருவிக்கொண்டு வந்தால் நல்ல பிடி. வராவிட்டால், "நங்கி (தங்கச்சி), யாரும் களவெடுக்க மாட்டார்கள்" என்பார். என்னிடம் பல நாட்களாக உருவ முடியவில்லை. இறுக்கிப் பிடித்தால் பலம் கூடும், காரை வேகமாக வரும் என்று நினைத்தேன். வராது. விரல் இறுகினால் ஒன்றும் தெரியாமல் போகும், அவ்வளவுதான். முரசுக்குக் கீழே இருப்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை, கம்பியில் வரும் சிறு அதிர்வைத்தான் நடுவிரல் படிக்க வேண்டும். அப்பம்மா அரிசி கிளறும்போது கண்ணாடி கூடப் போடமாட்டார். கதைத்துக்கொண்டே கையை ஓட்டுவார், கல் தானாகத் தட்டுப்படும். அந்தக் கையை நான் இருபத்திரண்டு வயதில் முதல் வகுப்பில் இருந்து பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கிரேசி கியூரெட்டுகள், முரசுக்குக் கீழே சுரண்டும் வளைந்த கம்பிகள். இவற்றை வடிவமைத்தவர் கிரேசி என்ற பல் மருத்துவர், அவர் பெயரே நிலைத்துவிட்டது. கொழும்பில் காலி வீதியில் ஓடும் பஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு. முன்பற்களுக்கு 1/2. கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்துக்கும் நாக்குப் பக்கத்துக்கும் 7/8, அதே பற்களின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை, ஒவ்வொரு தலையிலும் வெட்டுவது ஒரே ஒரு விளிம்பு. தலையைக் கீழே பார்க்கப் பிடித்தால் தாழ்ந்து நிற்கும் விளிம்பு எதுவோ அதுதான். இதை நான் பரீட்சைக்கு நன்றாக எழுதினேன். அடுத்த நாளே, பிளாஸ்டிக் தலையின் மேல் இடப்பக்கம் முழுவதையும் வெட்டாத விளிம்பால் இருபது நிமிடம் தடவிக்கொண்டிருந்தேன். மிஸ் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பல்லுக்குத் தலை வாரிவிடுகிறீர்களா?"

குனிந்திருக்கும் முறை, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிவது, மூச்சுப் பட்டு அது புகைவது, மழுங்கினதைக் கல்லில் தீட்டுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனி அவஸ்தை இருக்கிறது. விரிவாக எழுதினால் எனக்கே கழுத்து நோகும். ஒன்று மட்டும்: கண்ணாடியை நோயாளியின் கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு தரம் தடவினால் புகையாது. இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குக் கோடி புண்ணியம்.

பிளாஸ்டிக் தலைக்குப் பிறகு நாங்கள் ஒருவர் வாயில் ஒருவர். என் சோடி நீர்கொழும்புக்காரி. முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கின் ஆழத்தை அளவுக்கோடு போட்ட மெல்லிய புரோப்பால் அளக்க வேண்டும். ஒரு பல்லுக்கு ஆறு இடம். ஞானப்பல் நான்கையும் விட்டால் இருபத்தெட்டுப் பல்லுக்கு 168 இலக்கம். ஒருத்தி அளந்து சொல்ல மற்றவள் எழுத வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை கவலை இல்லை. நாங்கள் பாவிக்கும் வில்லியம்ஸ் புரோப்பில் 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்றுதான் கோடு இருக்கும். பார்வை குழம்பாமல் இருக்க 4ஐயும் 6ஐயும் விட்டுவிட்டார்கள். அதனால் 3க்கும் 5க்கும் நடுவில் முரசு நின்றால் 4 என்று நாமே சொல்ல வேண்டும்.

என் வாயில் அவள் மூன்று இடத்தில் 4 சொன்னாள். இரத்தம் வந்த இடங்கள் பதினான்கு. அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, பக்கத்துக் கதிரைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டு நேரமும் பல் தீட்டுகிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது. பல்லுக்குப் பல் இடையில் ஒருநாளும் நூல் விட்டதில்லை என்பதை முரசு அன்றைக்குச் சபையில் போட்டு உடைத்தது. நான் அவளுக்கு அளந்தபோது அவள் கண்ணில் நீர் வந்தது. எனக்கு அது இரத்தத்தை விடக் கவலையாக இருந்தது. புரோப்பை 20 இல் இருந்து 25 கிராம் வரையான விசையில்தான் வைக்க வேண்டும் என்பார்கள். அன்று இரவு அம்மா கேக் மா நிறுக்கும் தராசில் பேனை முனையால் அழுத்திப் பார்த்தேன். எனக்கு 'மெதுவாக' என்று தோன்றியது 90ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு ஒரு கிழமை முட்டையை விட்டுவிட்டுத் தராசோடு இருந்தேன். 20 கிராம் என்பது தொட்டும் தொடாமலும் இருக்கிற ஒன்று.

எனக்கு வந்த முதல் உண்மையான நோயாளி புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஐயா. ஐம்பது தாண்டியிருப்பார். மாத்தளைப் பக்கம் சொந்த ஊர் என்றார். வாயைத் திறந்ததும் எல்லாம் செம்மண் நிறம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை, முப்பது வருடம். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் ஆறு பல்லையும் சேர்த்து ஒரே மதிலாகக் காரை. அந்த இடத்தில்தான் அதிகம் படியும், நாக்குக்குக் கீழே எச்சில் சுரப்பியின் வாய் திறப்பது அங்கேதான். மேலே கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் அப்படியே. புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒருவர் வாயில் காண்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

காரையின் மேற்படையை மெஷினால் உடைக்க மிஸ் விட்டார். அதன் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், தண்ணீர் பீறிடும். மிச்சம் கையால். நான் பழக்கதோசத்தில் "நோகுதா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோது என் கையைத் தட்டி நிறுத்தினார். துப்பிவிட்டு, "என்ன புள்ள, நோவுதா நோவுதான்னு கேக்குற, வலிக்குதான்னு கேளு, வலிக்கல" என்றார். பக்கத்துக் கதிரையில் சிங்களத்தில் "ரிதெனவாத?" என்று கேட்டுக்கொண்டிருந்தவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஆறு பல்லுக்கு எனக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் போனது. மதில் துண்டுதுண்டாக வந்தது. ஒரு துண்டு வரும்போது கம்பியில் 'டக்' என்று ஒரு சத்தம், அது காதுக்குக் கேட்க முன்னரே விரலுக்குத் தெரிந்துவிட்டது. மிஸ் வந்து என் கையில் இருந்ததை உருவினார். வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

ஐயா நாக்கால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "பல்லுல ஓட்டை விழுந்துருச்சா புள்ள? காத்து பூருது." கைக்கண்ணாடியைக் கொடுத்து, பல்லுக்குப் பல் இருந்த சந்து முன்பே இருந்ததுதான், காரை அதை அடைத்திருந்தது, முரசும் இறங்கியிருக்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. இத்தனை வருடம் பத்திரமாக இருந்ததை ஒரு பெண்பிள்ளை வந்து உடைத்துவிட்டாள் என்ற பார்வை. மிஸ் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அமைதியானார். நான் தமிழில் சொன்னதையேதான் மிஸ்ஸும் சொன்னார் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

இதெல்லாம் தொடங்க முன்பே கன்னம், நாக்கு, நாக்கின் அடி, அண்ணம் எல்லாம் பார்க்க வேண்டும், அது விதி. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பாக்கும் புகையிலையும் முதல் காரணங்கள். ஐயாவின் வாய் என் இரண்டு விரலுக்குமேல் திறக்கவில்லை. கன்னத்தின் உட்புறம் விரலுக்கு நார் கட்டினது போலக் கடினமாக இருந்தது. இடப்பக்கம், அவர் வெற்றிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில், துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு. தராசோடு இருந்த கிழமை இதற்குத்தான் உதவியது என்று நினைக்கிறேன். அழுத்தியிருந்தால் அந்தக் கடினம் எனக்குத் தெரிந்திருக்காது. நான் மிஸ்ஸைக் கூப்பிட்டேன், மிஸ் டொக்டரைக் கூப்பிட்டார். வோர்ட் பிளேஸில் உள்ள தேசியப் பல் வைத்தியசாலைக்குத் துண்டு எழுதினார்கள்.

போகும்போது துண்டை என்னிடமே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "புத்துன்னு போட்டிருக்கா?" என்றார். இல்லை, பார்க்கச் சொல்லித்தான் போட்டிருக்கிறது என்றேன். அது உண்மை. வெற்றிலையைப் பற்றி நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வசனமும் அந்த நேரத்தில் வரவில்லை. "வெத்தலை வேண்டாம் ஐயா, புகையிலை கட்டாயம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். சரி சரி என்றார். துண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதே பையில் வெற்றிலைச் சரை இருந்தது, நுனி வெளியே தெரிந்தது.

அடுத்த வியாழன் அவருக்கு மேல்வாய். 11/12ஐயும் 13/14ஐயும் தீட்டி வைத்திருக்கிறேன்.