இழுத்துக்கிச்சு

ரத்தத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை. ஊரில் கிடா வெட்டும்போது காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். ஆனால் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் என்றால் வயிற்றைக் கலக்கும். செக்கானூரணிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போனவனுக்கு வேறெப்படி இருக்கும்?

நிமோனியாவுக்கு முன்னால் ஒரு ‘பி’ சும்மா உட்கார்ந்திருக்கும். கண் இமை தானாகத் தொங்கிப்போவதற்கு டோசிஸ் என்று பெயர். அதற்கும் அதே ‘பி’. சொல்லும்போது வராத எழுத்தை எழுதும்போது மட்டும் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று எரிச்சலாக வரும். ஹைபோ, ஹைப்பர் இன்னும் மோசம். எது குறைவு, எது அதிகம் என்று பரீட்சை வரைக்கும் குழம்பினேன். தீர்த்து வைத்தவர் வேலையில் சேர்ந்தபின் வாய்த்த பைலட் அண்ணன் (ஆம்புலன்ஸ் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்). “ஹைபோவுல ‘போ’ இருக்குல்லடா? சுகர் போச்சு, பிரஷர் போச்சு. அம்புட்டுதான்.” சுகர் 70-க்குக் கீழே காட்டினால் இன்றும் அவர் குரல்தான் கேட்கிறது.

சரி, வார்த்தைகள் வந்துவிட்டன என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் தடுமாறப்போவது தமிழில் என்று.

சேர்ந்த புதிது. மேலூர் பக்கம் ஒரு வீடு. “திடீர்னு இழுத்துக்கிச்சு தம்பி” என்றார் அந்த அம்மா. கணவர் கட்டிலில் கிடந்தார். நான் படிவத்தில் ஃபிட்ஸ், அதாவது வலிப்பு என்று எழுதினேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், “எத்தனை நிமிஷம் வெட்டுச்சு?” என்று கேட்டார். “வெட்டலைங்கய்யா, வலது கையும் காலும்தான் இழுத்துக்கிச்சு” என்றார் அம்மா. டாக்டர் என்னைத் திட்டவில்லை, பார்த்தார். அது போதும். வந்திருந்தது ஸ்ட்ரோக், பக்கவாதம். அதில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் முதல் கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொல்லியாவது பார்த்திருக்கலாம்.

எங்கள் பக்கம் கை கால் விழுந்தாலும் இழுத்துக்கிச்சு, வலிப்பு வந்தாலும் இழுக்குது, ஆஸ்துமாவுக்கும் இழுப்பு. மூச்சு அடங்கும் நேரத்தில் கிடப்பவரையும் இழுத்துக்கிட்டு கிடக்காரு என்பார்கள். இங்கிலீஷில் நாலும் நாலு வார்த்தை, நாலு வைத்தியம். மயக்கமும் அப்படித்தான். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். அதனால் இப்போதெல்லாம் யார் இழுக்குது என்றாலும், “எதும்மா இழுக்குது, மூச்சா, கையா, உடம்பு முழுக்கவா?” என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

போன மழைக்காலத்தில் உசிலம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம், விடியற்காலை. தரையில் படுத்திருந்த பையனுக்கு வயிற்று வலி. “ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருச்சுய்யா” என்றார் அப்பத்தா. காலில் வீக்கமும் இல்லை, தடமும் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ராத்திரியில் பாம்பைப் பேர் சொல்ல மாட்டார்கள்.

“அப்பத்தா, காலுள்ள பூச்சியா, இல்லாத பூச்சியா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லாததுதான்” என்றார், மெதுவாக.

பையனை மேலே பார்க்கச் சொன்னேன். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. கட்டுவிரியனாகத்தான் இருக்கும், அது கடித்த இடம் பெரும்பாலும் வலிப்பதில்லை, மூச்சைத்தான் கடைசியில் பிடிக்கும். ஆக்சிஜனை எடுத்து வைத்துக்கொண்டு, வெண்டிலேட்டர் தயாராக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னேன். வண்டி குலுங்கக் குலுங்கப் படிவத்தில் டோசிஸ் என்று எழுதினேன். அந்த ‘பி’யை விடவில்லை.