ஃப்ரீஸ் டிரையிங்: வைவாவுக்கு இப்படிப் படியுங்கள்

சேலத்தில் பி.ஃபார்ம் மூன்றாம் செமஸ்டர் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது. ஃபார்மாசூட்டிகல் இன்ஜினியரிங் பேப்பரில் ஃப்ரீஸ் டிரையர் (மருந்துக் கரைசலை உறையவைத்து, அந்தப் பனியை உருகவிடாமல் நேராக ஆவியாக்கி உலர்த்தும் கருவி) வந்தால் படம் வரைந்து, உறையவைத்தல், முதல்நிலை உலர்த்தல், இரண்டாம்நிலை உலர்த்தல் என்று எழுதினாலே மார்க் கிடைத்துவிடும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அது மட்டும் போதாது.

எங்களுக்கு வந்த எக்ஸ்டர்னல் (வெளிக் கல்லூரித் தேர்வாளர்) ஒருவர், "மைனஸ் நாற்பது டிகிரியில் உறையவைத்த மருந்தை அப்புறம் எதற்குச் சூடாக்குகிறீர்கள்?" என்று கேட்டார். அருமையான கேள்வி. பனிக்கட்டி நேராக ஆவியாக கிராமுக்குச் சுமார் 2,840 ஜூல் வெப்பம் வேண்டும். மருந்து வைத்திருக்கும் தட்டு அதைக் கொடுக்காவிட்டால் பனி மேலும் குளிர்ந்து, உலர்வது மந்தமாகிவிடும். அதிகம் கொடுத்தால் மருந்து இளகி அமுங்கிவிடும். சுக்ரோஸ் கரைசலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய மைனஸ் 32 டிகிரி. வெப்பம் எங்கிருந்து வருகிறது, ஆவி எங்கே போகிறது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஆவியைப் பம்ப் இழுத்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். இல்லை, அது கண்டென்சர் என்ற கடுங்குளிர்ப் பகுதியில் மறுபடி பனியாகப் படிகிறது. பம்பின் வேலை காற்றை வெளியேற்றுவது.

அழுத்தம் புரிய ஏற்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஆனாலும் அங்கே காற்றழுத்தம் 600 மி.மீ. பாதரசத்துக்கு மேல்தான். டிரையருக்குள் 4.58 மி.மீ.க்கும் கீழே போக வேண்டும், அப்போதுதான் பனி உருகாமல் நேராக ஆவியாகும்; நடைமுறையில் 0.1 மி.மீ. அளவில் ஓட்டுவார்கள்.

உதாரணம் கேட்டால் பாம்புக்கடி மருந்தைச் சொல்லுங்கள். திரவமாக இருந்தால் ஃபிரிட்ஜ் கட்டாயம். உலர்த்திய தூளை அறை வெப்பநிலையிலும் வைக்கலாம். கரண்ட் அடிக்கடி போகும் மலைக்கிராமத்துக்கு இது உயிர் காக்கும் வித்தியாசம். வாய்ப்புக் கிடைத்தால் ஆரம்ப சுகாதார நிலைய ஃபார்மசிஸ்டிடம் கேட்டு ஒரு குப்பியைப் பாருங்கள். அடியில் வெள்ளைத் தூள் கட்டியாக இருக்கும். 10 மி.லி. ஊசித் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்து புரதம் கெடும்.

தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.ஜி. தடுப்பூசிகளும் தூள்தான். ஆனால் அவற்றைக் குளிரில்தான் வைக்க வேண்டும், கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். உலர்த்திவிட்டால் எல்லா மருந்தும் வெளியே இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்.