டெல் டோரோ படங்களில் ஓடும் கடிகாரங்கள்

மெக்சிகோ இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவின் அடுத்த படத்துக்கு அறிவிப்புச் செய்திகளை மட்டும் நம்பிக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 'தி ஹாபிட்' வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 2010-இல் விலகினார். திரைக்கதையில் அவர் பெயர் உண்டு, இயக்கியது பீட்டர் ஜாக்சன். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் அண்டார்டிகா கதைக்கு வருடக்கணக்காக உழைத்தார். இவ்வளவு பெரிய பட்ஜெட், அதுவும் 'ஆர்' (சிறுவர் தனியே பார்க்க முடியாத) சான்றிதழோடா என்று 2011-இல் யுனிவர்சல் பின்வாங்கியது. அவருடைய மூன்றாவது 'ஹெல்பாய்' வரவேயில்லை. 2014-இல் அறிவித்த 'சைலன்ட் ஹில்ஸ்' வீடியோ கேம் அடுத்த வருடமே கைவிடப்பட்டது.

ஆனால் அவர் விட்டுவிட்டார் என்று எல்லோரும் நினைத்தது பல வருடம் கழித்துத் திரும்பி வரும். 'பினோக்கியோ' பேச்சு 2008 வாக்கிலேயே இருந்தது. பணம் போட ஆளில்லாமல் அலைந்து, நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு 2022-இல்தான் வெளியானது. 'ஃபிராங்கன்ஸ்டைன்' 2025-இல். ஆகவே, அவர் ஒரு கதையைப் பற்றிப் பேசினால் ஆசை இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போடுகிறவர் யார், எந்தச் சான்றிதழுக்குச் சம்மதித்தார்கள், கேமராமேனாக டான் லௌஸ்ட்சென் போன்ற அவருடைய வழக்கமான ஆள் ஒப்பந்தமாகிவிட்டாரா, செட் போடத் தொடங்கிவிட்டார்களா: இவை தெரிந்த பிறகு நம்பலாம்.

படங்களை வெளியான வரிசையில் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001), அடுத்து 'பான்ஸ் லாபிரிந்த்' (2006). முன்னதன் கதை ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியும் 1939-இல், பின்னதன் கதை சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி நிலைத்துவிட்ட 1944-இல். மூன்றாவதாக, முசோலினியின் இத்தாலியில் நடக்கும் 'பினோக்கியோ'. பிறகுதான் 'குரோனோஸ்', 'தி ஷேப் ஆஃப் வாட்டர்'. 'மிமிக்' பார்ப்பதானால் 2011-இல் வந்த இயக்குநர் பதிப்பைத் தேடுங்கள். 1997-இல் தியேட்டருக்கு வந்ததில் தயாரிப்பாளர்களின் கை அதிகம். ஸ்பானியப் படங்களுக்கு டப்பிங் வேண்டாம். 'தி டெவில்ஸ் பேக்போன்' படத்தின் ஆங்கில சப்டைட்டில் பிடிக்காததால் 'பான்ஸ் லாபிரிந்த்'துக்குத் தானே உட்கார்ந்து எழுதினார்.

பார்க்கும்போது பொருட்களைக் கவனியுங்கள். 'குரோனோஸி'ல் தங்க வண்டு வடிவக் கருவி. உள்ளே பல்சக்கரங்களோடு உயிருள்ள ஒரு பூச்சி. முதல் 'ஹெல்பாய்'யில் குரோனென் என்ற கொலையாளி சாவி கொடுத்து ஓடும் உடம்புக்காரன். 'பான்ஸ் லாபிரிந்த்'தில் ஃபிராங்கோ படையின் கேப்டன் விடாலின் பாக்கெட் கடிகாரம். போர்க்களத்தில் சாகும்போது தன் மரண நேரம் மகனுக்குத் தெரியட்டும் என்று அப்பா உடைத்த கடிகாரம் அது. விருந்தில் ஒருவர் அந்தக் கதையை எடுக்கும்போது, அப்படி ஒரு கடிகாரமே அப்பாவிடம் இருந்ததில்லை என்று விடால் மறுக்கிறான். தனியே இருக்கும்போதோ அதைத்தான் துடைத்துப் பழுது பார்க்கிறான். அவன் தங்கியிருப்பது பழைய மாவு ஆலை. முதுகுக்குப் பின்னால் ராட்சதப் பல்சக்கரங்கள். அப்பாவின் கடிகாரத்துக்குள்ளேயே குடியிருக்கிறான் அவன்.

அதே படத்தில் இரண்டு சாப்பாட்டு மேஜைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். விடால் ஊருக்கு ரேஷனைக் குறைத்துவிட்டு விருந்து வைக்கும் மேஜை ஒன்று. மாய உலகில், உள்ளங்கையில் கண் வைத்திருக்கும் பேல் மேன் என்ற அரக்கனின் மேஜை இன்னொன்று. இரண்டிலும் மேஜையின் தலைப்பக்கத்தில் ஒருவன், அவனுக்குப் பின்னால் எரியும் கணப்பு. கதாநாயகியான சிறுமி பேல் மேனின் மேஜையிலிருந்து திராட்சையை எடுத்துத் தின்பது தவறாக முடிகிறது. ஆனால் அதற்குச் சற்று முன், தேவதைகள் காட்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவைத் திறக்கிறாளே, அது சரியாக அமைகிறது. கீழ்ப்படியாமை எப்போதும் நல்லது என்று அவர் சொல்லவில்லை. தானே யோசித்து மறுப்பதும் ஆசையில் மீறுவதும் வேறு வேறு என்று ஒரே காட்சித் தொடரில் காட்டிவிடுகிறார்.

நிறமும் அப்படித்தான். விடாலின் உலகம் நேர்கோடுகளும் குளிர்ந்த நீலமும். மாய உலகம் வளைவுகளும் பொன்னிறமும் சிவப்பும். படம் நகர நகர ஒன்றின் நிறம் மற்றொன்றில் கசியத் தொடங்கும். எந்தக் காட்சியில் முதலில் கசிகிறது என்று நிறுத்திப் பாருங்கள். மங்கிய திரையிலும், பிரைட்னஸைக் கண்டபடி ஏற்றி வைத்த டிவியிலும் இது தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு 'சினிமா' மோடில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தனிக் கதை. 'தி டெவில்ஸ் பேக்போன்' பேய்ச் சிறுவன் தொட்டித் தண்ணீரில் மூழ்கிப் போனவன். அதனால் காற்றில் நிற்கும்போதும் அவன் தலையிலிருந்து ரத்தம் மேல்நோக்கி மிதக்கும். 16 வருடம் கழித்து 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' தொடக்கத்தில் ஒரு வீடே நீருக்கடியில் மிதக்கிறது, படப்பிடிப்பில் ஒரு சொட்டு நீர் இல்லாமல். அறை முழுக்கப் புகை, கம்பியில் தொங்கவிட்ட நாற்காலிகளும் நடிகையும், முடி அலைய மின்விசிறி, நீரொளிக்குப் புரொஜெக்டர், கேமரா ஸ்லோ மோஷனில். புகை சீராக இல்லாவிட்டால் நீர் என்ற பிரமை உடைந்துபோகும்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்; முடிவைச் சொல்லப்போகிறேன். அப்பாவிடம் அடிவாங்கிய விஞ்ஞானி விக்டர் தான் படைத்தவனையும் அதே மாதிரி நடத்துகிறான். 'பான்ஸ் லாபிரிந்த்' கடைசியில் விடால் தன் மகனுக்குத் தன் மரண நேரத்தைச் சொல்லச் சொல்கிறான். அவனுக்கு உன் பெயர்கூடத் தெரியாது என்று அவன் வீட்டில் வேலை பார்த்த மெர்சிடிஸ் முடித்துவிடுகிறாள். 'ஃபிராங்கன்ஸ்டைன்' முடிவிலோ சாகப்போகும் விக்டர் மன்னிப்புக் கேட்டு, தன் பெயரைச் சொல்லும்படி தான் படைத்தவனிடம் வேண்டுகிறான். அவன் சொல்கிறான்.